ஜவ்வரிசி எந்தக் கதிரில் விளைகிறது?

போன தை மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு பள்ளிக்கூடப் பையன். பாயசத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "தாத்தா, இந்த ஜவ்வரிசி எந்தக் கதிர்லே விளையுது?" என்று கேட்டான். அவன் அப்பா பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் நல்ல விவசாயி. அவர் உடனே, "அரிசின்னு பேர் இருக்கே, நெல்லு மாதிரி ஏதோ ஒரு பயிராத்தான் இருக்கும். வடக்கே விளையும் போல" என்றார்.

ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து விவசாயிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். காவிரிக் கரையில் இருப்பவருக்குக் குச்சிக்கிழங்கு தெரியவேண்டும் என்று என்ன கட்டாயம்? அதனால் அந்தப் பையனுக்குச் சொன்ன கதையை இன்றைக்கு உங்களுக்கும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. ஜவ்வரிசி அரிசி அல்ல, தானியமும் அல்ல. கதிரும் இல்லை, உமியும் இல்லை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பால் எடுத்து, அந்தப் பால் படிந்து வரும் மாவை உருட்டி வறுத்துக் காய வைத்தால் அதுதான் ஜவ்வரிசி. மரவள்ளிக்கு ஊருக்கு ஒரு பெயர். சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்கிறோம், குச்சியை வெட்டி நடுவதால். கன்னியாகுமரிப் பக்கம் மரச்சீனி. சில ஊரில் ஏழிலைக் கிழங்கு, கப்பைக் கிழங்கு.

ஆனால் ஆதியில் ஜவ்வரிசி இந்தக் கிழங்கிலும் செய்ததில்லை. மலாய் நாட்டிலும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும் சேறான நிலத்தில் சேகோ என்று ஒரு பனை ஜாதி மரம் உண்டு. அதை வெட்டிப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றை இடித்துக் கரைத்தால் மாவு இறங்கும். அந்த மாவை முத்து முத்தாக உருட்டி விற்பது போன நூற்றாண்டுக்கும் முந்தியே சிங்கப்பூரில் பெரிய தொழில். சீனர்கள் நடத்திய ஆலைகள் அங்கே இருந்தன. சேகோ என்ற பெயரும் மலாய்ச் சொல்லில் இருந்து வந்ததுதான். கப்பலில் வந்த அந்த முத்து இங்கே நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் சாமானாக இருந்தது. இன்றைக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கச் சொல்லும் பாட்டிமார் இருக்கிறார்கள் அல்லவா? அது அந்தக் காலத்துப் பழக்கத்தின் மிச்சம். பாயசம் என்றால் நம் வீடுகளில் பச்சரிசியோ பாசிப்பருப்போ வெல்லத்தில் வெந்தது. முத்து முத்தாக மிதக்கும் பாயசம் பின்னால் வந்தது.

இனிக் கிழங்கின் கதைக்கு வருவோம். மரவள்ளியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பிரேசில் நாட்டுக் காட்டுப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பயிர் செய்தது. போர்த்துகீசியர்கள் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு நம் மேற்குக் கடற்கரைக்கும் கொண்டுவந்தார்கள். வந்து வெகுகாலம் அது வேலியோரப் பயிராகத்தான் கிடந்தது. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே வாட்டிய பஞ்சம். அதற்குச் சற்றுப் பின்னால், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் விசாகம் திருநாள் மகாராஜா. செடி கொடிகளில் ஆசை உள்ள மனிதர். மழை பொய்த்தாலும் கிழங்கு பொய்க்காது என்று கண்டு, இதை நடச் சொல்லி மக்களைத் தூண்டியவர் அவர். ஜனங்கள் விஷக்கிழங்கு என்று பயந்தார்களாம். மகாராஜா அரண்மனையிலேயே வேகவைத்துப் பரிமாறச் செய்தார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

பயந்ததில் நியாயம் உண்டு. மரவள்ளியில் சயனைடு என்ற நஞ்சாக மாறக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. தோலிலும் இலையிலும் அதிகம். கசப்பு ரகத்தில் கிழங்கிலும் அதிகம். ஆகவே வீட்டில் வேகவைக்கும்போது தோலை நன்றாக உரித்து, துண்டு போட்டு, பாத்திரத்தை மூடாமல் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஆலைக்கு என்று நட்ட ரகத்தைச் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம். பச்சை இலையையும் தோலையும் மாடு, ஆடு எட்டித் தின்ன விடாதீர்கள். இது கதைக்கு நடுவே சொல்கிற எச்சரிக்கை, ஆனாலும் இதைத் தள்ளிவிட முடியாது.

சரி, கிழங்கு ஒரு பக்கம் இருந்தது. சேகோ முத்து ஒரு பக்கம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தது யுத்தம்.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலாய் முழுவதும் போயிற்று. பர்மாவும் போயிற்று. பர்மா அரிசி நின்றதும் திருவிதாங்கூர் ஜனங்கள் கப்பையைத் தின்று உயிர் பிழைத்தார்கள். மலாயில் இருந்து வந்த ஜவ்வரிசியும் நின்றது. அப்போதுதான் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாருக்கும், பினாங்கில் இருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவருக்கும் தொடர்பு ஏற்பட்டது என்று சேலத்து ஜவ்வரிசிக்காரர்கள் தங்கள் தொழிலின் வரலாறாகச் சொல்லிவருகிறார்கள். மலாயில் பனைமரத்து மாவு மட்டும் அல்ல, மரவள்ளி மாவையும் உருட்டி முத்தாக்கும் தொழில் நடந்துவந்தது. அந்த முறை ஷாவுக்குத் தெரியும். 1943-ல் சேலத்தில் கையாலேயே தொழில் தொடங்கியது. பேர் பழையது, சரக்கு புதியது. பனைமரத்தின் பெயரைக் கிழங்கு எடுத்துக்கொண்டது.

சிறுவயதில் நான் பார்த்த ஆலைகளை ஆலை என்று சொல்ல முடியாது. ஒரு கொட்டகை, ஒரு கிணறு, நாலு தொட்டி, பெரிய களம். வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கிழங்குத் தோலைச் சீவுவார்கள். தோல் போன கிழங்கை ராவி, தண்ணீர் விட்டுத் துணியில் பிழிந்தால் பால் இறங்கும். பால் தொட்டியில் நின்று தெளியும். மேல் தண்ணீரை வடித்தால் அடியில் கட்டியாக மாவு. அந்த ஈர மாவை உதிர்த்து, சாக்குத் துணியைத் தூளி மாதிரி கட்டி, அதில் போட்டு இரண்டு பக்கமும் ஆள் நின்று குலுக்குவார்கள். குலுக்கக் குலுக்க மாவு தானாக முத்துக் கட்டும். சல்லடையில் சலித்து, தேங்காய் எண்ணெய் தடவிய இரும்புத் தட்டில் வறுத்து, களத்தில் காயப் போடுவார்கள். பிள்ளைத் தூளி ஆட்டும் கைதான் அங்கேயும் ஆட்டியது. பிறகு மின்சார மோட்டார் வந்தது, ராவும் இயந்திரம் வந்தது, குலுக்கும் இயந்திரமும் வந்தது. பால் எடுத்த சக்கைக்குத் திப்பி என்று பெயர், அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். கழிவுத் தண்ணீர்தான் தொல்லை. புளித்து நாறும், கிணற்றில் இறங்கினால் கிணறு கெடும். இப்போது அந்தத் தண்ணீரில் இருந்தே எரிவாயு எடுக்கும் ஆலைகளும் உண்டு.

தாய்மார்கள், "இதெல்லாம் இருக்கட்டும், சமையலுக்கு வாங்க" என்பீர்கள். வருகிறேன்.

கடையில் இரண்டு விதம் விற்கும். மாவு ஜவ்வரிசி ஒன்று, நைலான் ஜவ்வரிசி ஒன்று. மாவு ஜவ்வரிசி தட்டில் வறுத்தது. கரைந்து குழையும், வடாமுக்கு நல்லது. நைலான் என்பது ஆவியில் வெந்து காய்ந்தது. பாயசத்தில் கண்ணாடி முத்தாக நிற்கும். வடாமுக்கு ஒரு படி ஜவ்வரிசியை ராத்திரியே ஊறப் போடுங்கள். காலையில் நாலு படித் தண்ணீர் வைத்து, அடி பிடிக்காமல் துழாவி, கண்ணாடி போல ஆனதும் இறக்கி, உப்பு, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், சீரகம், ஆறினபின் எலுமிச்சம்பழச் சாறு. பழைய வேட்டியைத் தண்ணீரில் நனைத்து விரித்து, கரண்டியால் விட வேண்டியதுதான். மாசி, பங்குனி வெயிலில் ஒரு நாள் காய்ந்தபின் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் உரிந்து வரும். மறுபடி ஒரு நாள் வெயில். காக்கை விரட்ட ஒரு பிள்ளை வேண்டும், அந்தப் பிள்ளை பாதியைப் பச்சையாகத் தின்றுவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பாயசத்துக்கு நெய்யில் பொரிய வறுத்து, தண்ணீரில் வேகவிட்டு, வெல்லப் பாகு வடிகட்டி ஊற்றி, அடுப்பை விட்டு இறக்கி ஆறவிட்ட பிறகே பால் சேருங்கள். சூட்டில் சேர்த்தால் திரிந்துபோகும். ஏலக்காய், முந்திரிப் பருப்பு. அந்த முந்திரியும் பிரேசில்காரன்தான், அதே போர்த்துகீசியக் கப்பலில் வந்தது.

இன்னொரு சங்கதி கேளுங்கள். சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பங்கை நாம் சாப்பிடுவதில்லை. மராட்டியம், குஜராத், மத்தியப் பிரதேசம், வங்காளம் என்று வடக்கே போகிறது. அங்கே இதற்குச் சாபுதானா என்று பெயர். மராட்டியத்தில் ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி விரதத்தில் தானியமும் பருப்பும் தொடமாட்டார்கள். ஜவ்வரிசி தானியம் இல்லையே! அதனால் அன்றைக்கு வீட்டுக்கு வீடு சாபுதானா கிச்சடி. செய்முறை சுலபம். ஜவ்வரிசியைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, வறுத்த நிலக்கடலைப் பொடியில் பிரட்டி, நெய்யில் சீரகம், பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு வதக்கி அதில் கொட்டிக் கிளறினால் கிச்சடி. அதையே பிசைந்து தட்டிப் பொரித்தால் வடை.

இப்போது எண்ணிப் பாருங்கள். மரவள்ளி, நிலக்கடலை, உருளைக்கிழங்கு, மிளகாய். நாலுமே கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. 1492-ல் கொலம்பஸ் அங்கே போவதற்கு முன்னால் நம் நாட்டில் ஒரு பாட்டிக்கும் இவற்றைத் தெரியாது. விரத விதி எழுதினவர்கள் நெல், கோதுமை, பருப்பு என்று பழைய பயிரைத்தான் விலக்கினார்கள். பின்னால் வந்தவை விதியில் இல்லாததால் விரதச் சமையலுக்குள் தாராளமாக நுழைந்துவிட்டன. வெகு ஆசாரமான சாப்பாடு என்று நினைப்பதில் பழையது எது என்று பார்த்தால் சீரகமும் நெய்யும்தான்! நான் குறை சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்கள் புதிதாக வந்ததைப் பழைய முறைக்குள் எவ்வளவு பாங்காக உட்கார வைக்கிறார்கள் என்றுதான் ஆச்சரியப்படுகிறேன்.

புனாவில் ஒரு அம்மாள் ஏகாதசி விரதம் இருந்தால் ஆத்தூரில் நம் கிழங்குக்கு விலை. இது விளையாட்டுப் பேச்சு அல்ல. நவராத்திரிக்கு முன்னால் வடக்கே வியாபாரிகள் சரக்குப் பிடிக்கும்போது விலை ஏறும். காட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் கிழங்கு பிடுங்கினால் விழும். கிழங்கைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நெல்லைப் போல் குதிரில் கொட்டி வைத்து விலை பார்க்க வழியில்லை.

ஆலையில் விலை எடைக்கு மட்டும் இல்லை, பாயிண்டுக்கு. கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்து மாவுச்சத்து எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். ஒரு வருஷம் என் கிழங்கை ஒரு ஆலையில் 24 பாயிண்டு என்றார்கள். அதே காடு, அதே நாள் பிடுங்கினது, அடுத்த லோடு வேறு ஆலையில் 27. மூன்று பாயிண்டு என்பது பத்து மாத உழைப்பில் லாபமா நஷ்டமா என்று தீர்மானிக்கிற வித்தியாசம். அன்றைக்கு முதல் எடை போடும்போது நான் கூடவே நிற்கிறேன். நீங்களும் நில்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஆலைக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். சரக்கை வைக்கக் கிடங்கு இல்லை, முன்பணம் கொடுத்த தரகர் சொன்னதுதான் விலை. அதனால் 1981-ல் சேலத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சேகோசர்வ் என்று சொல்வது அதைத்தான். மூட்டைகளைக் கிடங்கில் வைத்து, மாதிரியைக் காட்டி, ரகசிய டெண்டரில் விற்பார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கைச் சேலம் ஜவ்வரிசி என்று சொல்லி விற்க முடியாது.

பெயருக்குப் பாதுகாப்பு வந்தது நல்லதுதான். சரக்குக்கு வரவேண்டுமே! மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள், வெள்ளையாகத் தெரிய ரசாயனம் போட்டு வெளுக்கிறார்கள் என்று பல வருஷமாகப் புகார். அதிகாரிகள் மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்தியும் பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கிறது. சோள மாவு கலந்தால் அந்த அளவுக்கு நம் கிழங்கு வேண்டாம், விலை இறங்கும். இதில் ஆலைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. தோல் நீக்கி எடுத்த நல்ல ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலாக, பழுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். கடையில் அதைக் காட்டினால், "அழுக்கா இருக்கே, மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையா கொடுங்க" என்று கேட்பது யார்? நம் வீட்டிலேயே கேட்கிறார்கள். கிழங்கு விளைவிக்கிற வீட்டிலேயே!

கொல்லிமலை விஷயத்தையும் சொல்ல வேண்டும். அங்கே மலைச் சரிவில் சாமை, தினை, கேழ்வரகுதான் பயிர், அதுதான் சோறு. 1970-களுக்குப் பின்னால் பாதையும் லாரியும் வசதிப்பட, சரிவெல்லாம் மரவள்ளி ஏறியது. கிழங்கை விற்றுக் காசாக்கி, ரேஷன் அரிசி வாங்கிச் சமைத்தார்கள். சாமைக் காடு சுருங்கியது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் ஆண்கள் விலையைச் சொல்வார்கள். பெண்கள் உரலைச் சொல்வார்கள். ஒரு வேளைச் சாமைச் சோற்றுக்கு எவ்வளவு நேரம் குத்திப் புடைக்க வேண்டும் என்று குத்தினவளுக்குத்தான் தெரியும். அதனால் அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். 1990-களில் இருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுபோய், விதையும் சேர்த்து வைக்க உதவினார்கள். உரல் வேலை குறைந்தால்தான் சாமை பானைக்குத் திரும்பும் என்று அவர்கள் புரிந்துகொண்டது சரி. மரவள்ளி நடுகிற நண்பர்களுக்கு நான் சொல்வது, ஓரத்தில் அரைக் காணியாவது வீட்டுத் தானியத்துக்கு விடுங்கள். ஜவ்வரிசியில் மாவுச்சத்து தவிர வேறு சத்து மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் இருக்க முடியாது.

ரகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. திருவனந்தபுரத்தில் 1963-ல் ஏற்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-ல் வெளியிட்ட எச். 226 ரகம் சேலத்துக் காடுகளில் நன்றாக ஊன்றியது. அதற்குத் தேமல் நோய் உண்டு. நோய் இல்லாத செடியில் குச்சி எடுப்பது முக்கியம். பிறகு 2020-ல் ஒரு புதிய மாவுப்பூச்சி கேரளத்தில் திருச்சூரில் தென்பட்டு, நம் பக்கமும் பரவியது. நுனி சுருண்டு, கொண்டை போட்டு, செடி நின்றுவிடும். மருந்தடித்து ஓய்ந்தோம். அந்தப் பூச்சியும் தென் அமெரிக்காதான். கிழங்கு முதலில் வந்தது, அதன் எதிரி நானூறு வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய சிறு குளவி ஒன்று உண்டு. 2021-ல் அதை மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் இருந்து பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தார் தருவித்து வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு குளவி. அது இருக்கும் காட்டில் கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

இவ்வளவையும் பந்தியில் சொல்லி முடிக்க முடியுமா? பாதி அங்கே, மீதி திண்ணையில். பையன் விடவில்லை, "எனக்கு ஒரு செடி வேணும் தாத்தா" என்றான். ஊருக்கு வந்ததும் வேகவைத்துச் சாப்பிடுகிற இனிப்பு ரகத்தில் நோயில்லாத குச்சி நாலு எடுத்து, ஒரு சாண் அளவுக்கு வெட்டி, பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் மண் களிமண், தண்ணீர் நின்றால் அழுகிவிடும். கொல்லைப்புறத்தில் மேடு கட்டி, கணு மேல் பார்க்க நடச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழையைத் தாங்கினால் தைக்குக் கிழங்கு பிடுங்கலாம்.